போர்ட்ரெய்ட்டுக்கு எந்த பிரைம் லென்ஸ்? வளவின் நீளத்திலிருந்து தொடங்கும் கணக்கு

ஆவணியும் தையும் நெருங்கும்போது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் கல்யாண வேலை எடுப்பவர்களிடம் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கும். கேமராவோடு வரும் கிட் லென்ஸோடு போதும் என்று இருக்காமல் ஒரு பிரைம் வாங்கலாம், ஆனால் எது? 50 மி.மீ. எஃப் 1.8-ஆ, 85 மி.மீ. எஃப் 1.8-ஆ, கடன் வாங்கியாவது 85 எஃப் 1.4-ஆ? வீட்டுப் படங்கள் நன்றாக வர வேண்டும் என்று முதல் கேமரா வாங்குபவர்களுக்கும் இதே குழப்பம்தான்.

பெரும்பாலானவர்கள் எஃப் எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் உசத்தி என்று வைத்துக்கொண்டு பணம் இருக்கும் வரை அந்த எண்ணைத் துரத்துகிறார்கள். பணம் வீணாவது இங்கேதான். நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்; செட்டிநாட்டு வீட்டில் அது முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த வளவின் நீளம். அந்த இடத்துக்குப் பொருந்தும் குவியத் தூரம் (50, 85 என்று லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்; கூடினால் காட்சி நெருங்கித் தெரியும்) எது என்பது அடுத்தது. எஃப் எண் மூன்றாவதாகத்தான் வரும்.

சில அடிப்படைச் சொற்கள்

பிரைம் லென்ஸ் என்றால் ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ். சட்டத்தை (ஃப்ரேமை) பெரிதாக்கவும் சிறிதாக்கவும் நீங்கள்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஜூமுக்கான கண்ணாடிகளும் அசைவும் தேவைப்படாததால், அதே விலையில், வெளிச்சம் புகும் துளையை இன்னும் பெரிதாக வைத்துச் செய்ய முடிகிறது.

எஃப் எண் என்பது ஒரு வகுத்தல் கணக்கு: குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. அதனால்தான் எண் குறையக் குறைய துளை பெரிதாகிறது. 50 எஃப் 1.8 லென்ஸின் துளை சுமார் 28 மி.மீ. விட்டம். 85 எஃப் 1.8-க்கு 47 மி.மீ., 85 எஃப் 1.4-க்கு 61, 135 எஃப் 1.8-க்கு 75. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55-இல் வைத்தால் எஃப் 5.6-தான் கிடைக்கும், துளை பத்து மி.மீ.கூட இல்லை. இந்த மி.மீ. கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னணி மங்கலைப் பற்றிப் பேசும்போது இதுவே முக்கியமாகும்.

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது. 1.4, 2, 2.8, 4, 5.6 என்ற வரிசையில் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். எஃப் 1.8 போலப் பெரிதாகத் திறக்கும் லென்ஸை வேகமான லென்ஸ் என்கிறார்கள். குறைந்த வெளிச்சத்திலும் வேகமான ஷட்டர் வைக்க முடியும் என்பதால் அந்தப் பெயர்.

முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம்

85 மி.மீ. லென்ஸ் முகத்தை அழகாக்கும், 35 மி.மீ. மூக்கைப் பெரிதாக்கும் என்று சொல்வார்கள். அனுபவத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் முகத்தை மாற்றுவது கண்ணாடி இல்லை, நீங்கள் நிற்கும் தூரம்தான்.

நேராகப் பார்க்கும் ஒரு முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு 60-இல், காது 72-இல். காதோடு ஒப்பிட்டால் மூக்கு ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகப் பதிவாகும். இரண்டு மீட்டருக்குப் போனால் 200-க்கு 212, வித்தியாசம் 6 சதவீதம்தான். கன்னம், தாடை, காது எல்லாம் நேரில் பார்க்கிற அளவில் வந்துவிடும். 35 மி.மீ. லென்ஸால் முகத்தைச் சட்டம் நிறைய எடுக்க வேண்டும் என்றால் கிட்டே போயே ஆக வேண்டும், அதனால் மூக்கு பெரிதாகிறது. அதே 35-ஐ வைத்து மூன்று மீட்டரிலிருந்து ஒரு குடும்பத்தையே எடுங்கள், யார் மூக்கும் பெரிதாகாது.

ஆக, தலை-தோள் படத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் சட்டத்தை நிரப்பும் லென்ஸ்தான் உங்களுக்கான போர்ட்ரெய்ட் லென்ஸ்.

நிற்கும் இடத்தை அளப்பது

கேமராவை நெட்டுக்குப் பிடித்து எடுக்கும்போது தேவைப்படும் தூரம் கீழே இருக்கிறது. முழு உருவம் என்றால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு 2 மீட்டர் உயரம், இடுப்பளவு என்றால் 90 செ.மீ., தலை-தோள் என்றால் 60 செ.மீ.

படத்தைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில்:

1. 35 மி.மீ.: முழு உருவம் 2 மீ., இடுப்பளவு 0.9 மீ. தலை-தோளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.
2. 50 மி.மீ.: முழு உருவம் 2.8 மீ., இடுப்பளவு 1.3 மீ., தலை-தோள் 0.9 மீ. (முகத்துக்கு இது மிகவும் கிட்டே).
3. 85 மி.மீ.: முழு உருவம் 4.8 மீ., இடுப்பளவு 2.2 மீ., தலை-தோள் 1.5 மீ.
4. 135 மி.மீ.: முழு உருவம் 7.6 மீ., இடுப்பளவு 3.5 மீ., தலை-தோள் 2.4 மீ.

அதைவிடச் சிறிய சென்சார் உள்ள, கிராப் சென்சார் எனப்படும் ஏபிஎஸ்-சி கேமராவில்:

1. 35 மி.மீ.: முழு உருவம் 3 மீ., இடுப்பளவு 1.4 மீ.
2. 50 மி.மீ.: முழு உருவம் 4.3 மீ., இடுப்பளவு 2 மீ., தலை-தோள் 1.3 மீ.
3. 85 மி.மீ.: முழு உருவம் 7.3 மீ., இடுப்பளவு 3.3 மீ., தலை-தோள் 2.25 மீ.

கிராப் சென்சாரின் 50, ஃபுல் ஃப்ரேமின் 85-க்குக் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது என்பது இதைப் பார்த்தாலே தெரியும். கிராப் பாடி (கேமரா உடல்) வைத்திருப்பவர் 'போர்ட்ரெய்ட் என்றால் 85' என்று கேள்விப்பட்டு 85 வாங்கிவிட்டு, அறைக்குள் சுவரில் முதுகு முட்ட நிற்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

இப்போது இந்தத் தூரங்களைச் செட்டிநாட்டு வீட்டுக்குள் வைத்துப் பார்ப்போம். பெண் அலங்காரம் செய்துகொள்ளும் உள்ளறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்றால் நீளம் 3.6 மீட்டர். பெண் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், கேமராவுக்குப் பின்னால் உங்கள் உடம்புக்கு அரை மீட்டர் வேண்டும். மிஞ்சுவது இரண்டு மீட்டர் சொச்சம். அந்த அறையில் ஃபுல் ஃப்ரேம் 85 இடுப்பளவுக்கே இழுபறி, முழு உருவத்துக்கு வழியே இல்லை. 50-உம் 35-உம்தான் அங்கே கைகொடுக்கும்.

வெளியே வந்து வளவில் நின்றால் கணக்கு மாறிவிடும். நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம். பெரிய வீடுகளில் இந்தப் பக்கத் தூணுக்கும் எதிர்ப் பக்கத் தூணுக்கும் நடுவே 85-இல் முழு உருவம் எடுக்க இடம் தாராளமாக இருக்கும், 135-க்கும்கூடக் கிடைக்கலாம். முகப்புத் திண்ணையிலிருந்து உள்வாசல், வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரே நேர்கோட்டில் போகும் வாசல்களின் நடுவே ஒருவரை நிறுத்தி எடுப்பது 85-க்கும் 135-க்கும் என்றே கட்டி வைத்தது போன்ற இடம். வீட்டுக்கு வீடு அளவு வேறுபடும் என்பதால் போய்ப் பார்த்து அளப்பதுதான் சரி.

அளப்பதற்கு டேப் எடுத்துப்போக வேண்டியதில்லை. தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் ஒரே ஒரு கல்லின் பக்கத்தை அளந்துகொண்டு மீதியை எண்ணினால் போதும். பத்து அங்குலக் கல் என்றால் 25 செ.மீ. இடுப்பளவுக்கு 85-இல் ஒன்பது கல், முழு உருவத்துக்குப் பத்தொன்பது கல். எட்டு அங்குலமும் பன்னிரண்டு அங்குலமும் புழக்கத்தில் இருப்பதால் முதல் கல்லை மட்டும் அளக்காமல் விடாதீர்கள்.

வெளிச்சத்தில் என்ன லாபம்

வளவில் வானம் திறந்திருந்தாலும் தாழ்வாரத்தில் நாலு தப்படி உள்ளே போனால் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும். தேக்குத் தூணும் கதவும் நிறத்தில் கறுத்தவை, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. கிட் லென்ஸ் தோற்பது இங்கே.

எஃப் 5.6-ஐ விட எஃப் 1.8-இல் 9.7 மடங்கு வெளிச்சம் வருகிறது. கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பிடிக்கும் கேமராவின் உணர்திறன்) 6400 கேட்கும் இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் 640-இலேயே முடித்துவிடும். தோலின் நிறமும் பட்டுச் சேலையின் சாயலும் கெடாமல் இருப்பதற்கும், இருட்டான மரத்தில் வண்ணப் புள்ளிகள் தெளித்தது போல நாய்ஸ் வருவதற்கும் இடையில் உள்ள தூரம் இது.

இனி எஃப் 1.8-க்கும் 1.4-க்கும் என்ன வித்தியாசம்? 1.65 மடங்கு. ஐஎஸ்ஓ 640 தேவைப்பட்ட இடத்தில் 400 போதும். இன்றைய கேமராவில் 640-க்கும் 400-க்கும் உள்ள வேறுபாட்டை அச்சிட்ட ஆல்பத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. முதல் தாவல் பெரியது, அடுத்த தாவல் சிறியது. விலையோ நேர்மாறாக ஏறுகிறது: எஃப் 1.8 லென்ஸ்கள் ஆயிரங்களில், நல்ல எஃப் 1.4 லட்சத்தை ஒட்டியும் தாண்டியும், கேனான் ஆர்எஃப் 85 எஃப் 1.2 போன்றவை இரண்டு லட்சத்துக்கு மேல்.

கிடைத்த வெளிச்சத்தை எங்கே செலவு செய்வது என்பதிலும் தவறு நடக்கிறது. ஐஎஸ்ஓ-வைக் குறைப்பதிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஷட்டரை 1/60-இல் (நொடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்திருக்கும்படி) விட்டால் படம் ஆடிப்போகும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தாலும் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிரில் சிரிக்கும் ஆளின் தலையசைவைப் பிடிக்காது. நிற்கும் ஆளுக்கு 1/200, குழந்தைக்கு 1/500 என்று முதலில் ஷட்டரை உறுதி செய்துவிட்டு மீதியைப் பாருங்கள். மண்டபத்தில் ட்யூப்லைட், மலிவான எல்இடி இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் வரலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அங்கே சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறி 1/100-இல் எடுத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும்.

பின்னணி மங்கல்: துளையை விட இடைவெளி பெரிது

எஃப் 1.4-க்காகப் பணம் கொடுப்பவர்களில் பாதிப் பேர் வெளிச்சத்துக்காகக் கொடுப்பதில்லை, மங்கலுக்காகத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பின்னணியில் ஒரு ஒளிப்புள்ளி எவ்வளவு பெரிய வட்டமாக மங்குகிறது என்பதை, ஆள் நிற்கும் இடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது போல எளிதாகக் கணக்கிடலாம். துளையின் விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளியால் பெருக்குங்கள். கேமராவிலிருந்து பின்னணி வரை உள்ள மொத்தத் தூரத்தால் வகுங்கள்.

பெண் 85 எஃப் 1.8-க்கு முன்னால் 2.2 மீட்டரில் இருக்கிறாள், பின்னால் ஒரு மீட்டரில் சித்திர வேலை செய்த நிலைக்கதவு. 47-ஐ 1-ஆல் பெருக்கி 3.2-ஆல் வகுத்தால் 15 மி.மீ. கதவில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அவள் கருவிழியை விடச் சற்றுப் பெரிய வட்டமாக மங்கும். ஐந்து செ.மீ. அளவுள்ள யாளியும் கொடியும் கலங்கலாக, ஆனால் அடையாளம் தெரியும்படி இருக்கும். அதே இடத்தில் எஃப் 1.4 போட்டால் 19 மி.மீ.

சரி, எஃப் 1.8-ஐயே வைத்துக்கொண்டு பெண்ணையும் கேமராவையும் கதவிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் முன்னால் நகர்த்துங்கள். 47-ஐ 2-ஆல் பெருக்கி 4.2-ஆல் வகுத்தால் 22 மி.மீ. எஃப் 1.4 கொடுத்ததை விட அதிகம், செலவு நாலு கல் நடை. எதிர்த் தாழ்வாரம் ஐந்து மீட்டர் பின்னால் இருக்கும்படி நிறுத்தினால் 33 மி.மீ., தூண்கள் மெழுகாக உருகி நிற்கும். கிட் லென்ஸின் பத்து மி.மீ. துளையில் எத்தனை மைல் இடைவெளி கொடுத்தாலும் வட்டம் பத்து மி.மீ.யைத் தாண்டவே தாண்டாது. கிட் லென்ஸில் மங்கல் வராததற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆயிரம் சன்னல் வீட்டிலோ கானாடுகாத்தானிலோ போய் எடுத்துவிட்டு, பின்னணியில் எந்த வீடு என்றே தெரியாத அளவுக்கு மங்கவைத்தால் அங்கே போனதற்கு என்ன பொருள்? கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தூணும் வளவும் தாத்தா கட்டிய வீடு. எஃப் 2.8, எஃப் 4-இல் அவை தெரியும்படி ஒரு தொகுதி எடுத்துவைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

கூர்மையின் ஆழமும் கழுத்துருவும்

துளையைத் திறந்தால் பின்னணி மட்டும் மங்குவதில்லை, முகத்துக்குள்ளேயும் கூர்மை குறுகிவிடும். ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ., 1.5 மீட்டர், தலை-தோள் படம்: எஃப் 1.4-இல் கூர்மையாக இருக்கும் ஆழம் 2.5 செ.மீ., எஃப் 1.8-இல் 3.2, எஃப் 2.8-இல் 5.

இரு கண்களுக்கும் இடைவெளி ஆறு செ.மீ.க்குச் சற்று மேல். முகத்தை 45 டிகிரி திருப்பினால் ஒரு கண் இன்னொன்றை விட நாலரை செ.மீ. பின்னால் போகும். எஃப் 1.4-இலும் 1.8-இலும் இரண்டு கண்ணும் ஒன்றாகக் கூர்மையாக வராது. எஃப் 2.8-இலேயே ஒட்டி உரசிக்கொண்டுதான் வரும். முகம் திருப்பிய படத்தில் கேமராவுக்குக் கிட்டே உள்ள கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், தூரக் கண் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவருக்கு உறுத்தாது. கிட்டே உள்ள கண் மங்கினால் படம் தூக்கிப்போட வேண்டியதுதான்.

நகரத்தார் கல்யாணத்தில் இதைவிடக் கடினமான ஒரு படம் உண்டு: திருப்பூட்டு (தாலி கட்டும் சடங்கு) முடிந்து, கழுத்துரு என்ற தங்கத் தாலி மாலை மார்பில் தொங்க, பெண் தலை குனிந்து நிற்பது. முகம் முன்னுக்கு வந்துவிடும், கழுத்துரு பின்னுக்கு இருக்கும். இடுப்பளவுச் சட்டத்தில் 2.2 மீட்டரில் 85 எஃப் 1.8 தரும் ஆழம் மொத்தம் 7 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதற்குப் பின்னால் மூன்றரைதான் கணக்கு. தங்க உருக்களின் வேலைப்பாடு கரைந்துவிடும். எஃப் 2.8-இல் 11 செ.மீ., எஃப் 4-இல் பதினைந்தரை. அந்தக் குறிப்பிட்ட படத்துக்கு எஃப் 4-க்குப் போங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் படமும் அப்படித்தான். மூன்று மீட்டரில் எஃப் 1.8 தருவது 13 செ.மீ., எஃப் 4 தருவது 29. ஒருவர் அரையடி பின்னால் நின்றாலும் எஃப் 4 காப்பாற்றும்.

ஃபோகஸ் தவறுவதற்கு இரண்டு வழக்கமான காரணங்கள்:

1. நடுப் புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டத்தைச் சரி செய்வது. 1.5 மீட்டரில் 8 டிகிரி திருப்பினாலே கூர்மைத் தளம் கண்ணுக்கு 1.5 செ.மீ. பின்னால் போய்விடும். எஃப் 1.8-இல் அது எல்லையில் நிற்கும், எஃப் 1.4-இல் எல்லை தாண்டிவிடும். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணுக்கே நகர்த்துங்கள். மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத கேமரா) என்றால் கண் ஃபோகஸ் வசதியை நம்பலாம்.
2. உள்ளே ஆடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸும் பாடியும் ஒத்துப்போகாமல் ஃபோகஸ் எப்போதும் முன்னாலோ பின்னாலோ விழுவது. எஃப் 5.6-இல் இந்தப் பிழை ஒளிந்திருக்கும், எஃப் 1.8-இல் அம்பலமாகும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, சாய்த்து வைத்த ஸ்கேலின் ஒரு கோட்டில் ஃபோகஸ் செய்து பாருங்கள். பாடியில் ஏஎஃப் ஃபைன்-ட்யூன் இருந்தால் சரிசெய்யலாம். ஆரம்பநிலை பாடிகள் பலவற்றில் அது கிடையாது, லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, எடுப்பதே வழி.

எஃப் 1.4-உம் 1.2-உம் வேண்டவே வேண்டாமா?

வேண்டியவர்கள் உண்டு. ஃபிளாஷ் போடக் கூடாது என்று சொல்லும் இடங்களில், விளக்கு வெளிச்சத்திலேயே தொடர்ந்து வேலை செய்பவர்கள். பின்னணியைத் தள்ளிவைக்க வழியில்லாத இடங்களில் மங்கலை விற்றே பிழைப்பவர்கள். மற்றவர்களுக்கு எடை ஒரு பெரிய இடைஞ்சல். சோனி எஃப்இ 85 எஃப் 1.8 எடை 371 கிராம், அதே நிறுவனத்தின் முதல் 85 எஃப் 1.4 ஜிஎம் 820 கிராம், கேனான் ஆர்எஃப் 85 எஃப் 1.2 ஏறக்குறைய 1.2 கிலோ. காலை நாலு மணிக்குத் தொடங்கி ராத்திரி வரை கழுத்தில் தொங்கவிடுபவருக்கு அந்த அரை கிலோவும் முக்கால் கிலோவும் சாதாரணம் இல்லை.

வெயிலில் இன்னொரு சிக்கல். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100. இதை எஃப் 1.8-க்கு மாற்றினால் 1/8000. பல கேமராக்களின் உச்சமே அதுதான், ஆரம்பநிலை பாடிகளில் 1/4000-ஓடு நின்றுவிடும். எஃப் 1.4 கேட்பது 1/13000. ஆகவே சிவகங்கைச் சீமை வெயிலில் எஃப் 1.4-ஐத் திறந்து எடுக்க வேண்டும் என்றால் மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி 8 ஃபில்டரும் சேர்த்து வாங்க வேண்டும். அதோடு, ஷட்டரின் முதல் திரையை மட்டும் எலெக்ட்ரானிக்காக வைக்கும் முறையில், மிக வேகமான ஷட்டரில் மங்கல் வட்டங்கள் பாதி வெட்டுப்பட்டு வரும். முழு மெக்கானிக்கலுக்கு மாற்றிவிடுங்கள்.

மங்கலின் தரமும் சரிகையும்

ஒரே எஃப் எண் கொண்ட இரண்டு லென்ஸ்கள் ஒரே மாதிரி மங்குவதில்லை. சட்டத்தின் ஓரத்தில் விளக்கு வட்டங்கள் பூனைக்கண் போல நசுங்குவது முழுத் திறப்பில் எல்லா லென்ஸிலும் ஓரளவு உண்டு, ஒரு ஸ்டாப் மூடினால் குறையும். மூடும்போது, துளையைச் சுருக்கும் இதழ்கள் நேர்விளிம்பாக இருந்தால் வட்டம் பலகோணமாகும்.

நம் ஊர்ப் படங்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை நிறத்தொங்கல். பளபளக்கும் எதிலும் கூர்மைத் தளத்துக்கு முன்னால் ஊதா-சிவப்பும் பின்னால் பச்சையும் படியும். சரிகைக் கரை, வைர மூக்குத்தி, வெள்ளைச் சட்டையின் விளிம்பு, எல்லாவற்றிலும் தெரியும். டிஎஸ்எல்ஆர் காலத்து 85 எஃப் 1.8-களில் இது கூடுதல். கேனானின் இஎஃப் 85 எஃப் 1.8 வடிவமைப்பு 1992-ஐச் சேர்ந்தது. அதில் எஃப் 2.8 வரை மூடினால் வெகுவாகக் குறையும். நிக்கான் இசட் 85 எஃப் 1.8 எஸ் போன்ற புதியவற்றில் முழுத் திறப்பிலேயே கட்டுக்குள் இருக்கிறது. அகன்ற லென்ஸில் ஓரத்தில் வரும் நிறப்பிழையை மென்பொருள் ஒரு சொடுக்கில் நீக்கும், இந்தப் பச்சையை அப்படி நீக்க முடியாது. சரிகையில் கைவைத்தால் சேலையின் உண்மைப் பச்சையும் சேர்ந்து போய்விடும்.

கண்டாங்கிச் சேலையின் கட்டங்கள் மங்கலில் கோடு கோடாக இரட்டை விளிம்பு காட்டும். அப்படிச் சேலை கட்டியவர்கள் பின்னணியில் வரிசையாக இருந்தால் இடம் மாறுவதுதான் மருந்து. சிவப்பு ஆத்தங்குடித் தரையில் வெயில் விழுந்து எகிறினால் தாடைக்குக் கீழே செம்மை படரும், எந்த லென்ஸும் அதைத் தீர்க்காது. ஆளைத் தாழ்வாரத்தின் உள்பக்கம் ஓரடி நகர்த்துங்கள்.

எந்த பாடிக்கு எது

கிராப் பாடி, வீட்டு அறைகளில் எடுப்பது அதிகம் என்றால் முதல் லென்ஸ் 50 எஃப் 1.8. கேனான் ஆர்எஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம், டிஎஸ்எல்ஆருக்கு இஎஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கான் ஏஎஃப்-எஸ் 50 எஃப் 1.8ஜி. சோனி கிராப் பாடிக்கு ஸ்டெபிலைசர் உள்ள இ 50 எஃப் 1.8 ஓஎஸ்எஸ். சோனி, ஃபுஜி, நிக்கான் இசட் மவுண்டுகளில் (லென்ஸ் மாட்டும் வாய்) சிக்மா 56 எஃப் 1.4 கிடைக்கிறது. 280 கிராம் எடை, கிராப் பாடிக்கென்றே செய்தது, எஃப் 1.4-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமாகத் தோன்றும் ஒரே இடம் இதுதான்.

ஃபுல் ஃப்ரேம் என்றால் 85 எஃப் 1.8. கையில் ஏற்கெனவே 50 இல்லாவிட்டால் உள்ளறைகளுக்காக அதையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஓர் எஃப் 1.4-ஐ விட மலிவு. கேனான் ஆர்எஃப் 85 எஃப் 2 மேக்ரோவில் ஸ்டெபிலைசர் உண்டு, 35 செ.மீ. வரை கிட்டே போய் நகைகளையும் எடுக்கலாம். மற்ற 85-கள் பெரும்பாலும் 80 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. 135 எஃப் 1.8 அருமையான கண்ணாடி, ஆனால் வளவிலும் தெருவிலும் மட்டும்தான். முதல் லென்ஸாக வேண்டாம்.

பழைய லென்ஸ் வாங்கினால்

1. நிக்கான் ஏஎஃப் 50 எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கும். அதற்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஆட்டோ ஃபோகஸ் வராது, பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் மிரர்லெஸ்ஸில் வராது. பெயரில் ஏஎஃப்-எஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. இரண்டு பக்க மூடியையும் கழற்றித் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஃபோன் டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை போல் நூல் பிரிந்து ஓடினால் பூஞ்சை. பனி மூட்டம் போல் இருந்தால் உள்கண்ணாடியில் மங்கல் படிந்திருக்கிறது. இரண்டையும் வாங்க வேண்டாம். நாலைந்து தூசித் துணுக்குகள் படத்தைக் கெடுக்காது.
3. துளை இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு கூடாது. எஃப் 8-இல் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள், வெளிச்சம் படத்துக்குப் படம் மாறினால் இதழ் ஒட்டுகிறது.
4. உங்கள் பாடியிலேயே மாட்டி, முழுத் திறப்பில் ஒரு முகத்தை எடுத்து, கண் இமையைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.
5. புதிது வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கில் சில ஆயிரம் குறையும், பழுது வந்தால் வாரண்டி இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸை ரெக்சின் பையிலேயே மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு அழைப்பு. ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர்; 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறினால் வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் உலர்த்தி, ஆறியபின் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.